பீச்சாங்கை மட்டை

ஜூன் 3, செவ்வாய்

கொசு இன்று தரையில் நடக்கவில்லை. கொசு என் தங்கை. வயது பதினொன்று, காதருகே ஓயாத ரீங்காரம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஹாக்கி அணித் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினான்காம் தேதி. இதுவரை பள்ளிக்கூட மட்டையில் ஆடினாள். தேர்வுக்குச் சொந்த மட்டை வேண்டுமாம்.

யோசனை கேட்க என்னிடம் வந்தாள். நான் பெரிய வகுப்பு அணியின் கோல்கீப்பர் அல்லவா! (தோழிகள் முதலில் 'கோலி' என்று சுருக்கினார்கள். பிறகு என் சுற்றளவைப் பார்த்து 'கோலிக்குண்டு' என்று நீட்டினார்கள்.)

"அக்கா, எனக்கு மட்டும் ஏன் பந்து நழுவுது? கோச் மிஸ் எப்பப் பாரு, கையை மாத்திப் பிடி, கையை மாத்திப் பிடின்னு கத்தறாங்க."

அவள் எழுதுவது, பல் தேய்ப்பது, என்னை அறைவது எல்லாம் இடக்கையால். எனக்குப் பொறி தட்டியது. டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: "நீ பீச்சாங்கைடி. கடையில பீச்சாங்கை மட்டைன்னு தெளிவா கேளு. இல்லைன்னா சோத்தாங்கை மட்டையை உன் தலையில கட்டிடுவாங்க."

"அப்படி ஒண்ணு இருக்கா? அதான் எனக்கு வரலையா!"

கிடையவே கிடையாது. ஹாக்கி மட்டை எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இடக்கைக்காரருக்கென்று தனியாக யாரும் செய்வதில்லை. சனிக்கிழமை அப்பா மட்டை வாங்கக் கூட்டிப் போகிறார். கடையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜூன் 5

சீட்டில் எழுதி, அப்பாவின் தையல் இஞ்ச் டேப்புக்குள் சுருட்டி வைத்திருக்கிறாள்: 'பீச்சாங்கை மட்டை – 1.' சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல்.

ஜூன் 7, சனி

அப்பா, அவள், நான். கடையில் அவளோடு ஆடும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். கொசு நேராகப் போய், கடை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, பீச்சாங்கை மட்டை ஒண்ணு குடுங்க."

"என்னது?" கடைக்காரர் சிரித்தே விட்டார். "அப்படி ஒண்ணு உலகத்துலேயே இல்லையே பாப்பா! யாரு சொன்னா?"

அந்த இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. கொசு என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

'அக்காதான் சொன்னா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி. அதுவும் அப்பாவிடம்: "அப்போ எனக்கு மட்டையே இல்லையாப்பா?"

ஜூன் 9

தேர்வுக்குப் போக மாட்டாளாம். பள்ளியில் அவள் பெயர் இப்போது 'பீ.மட்டை'. யார் சுருக்கியது? நான் இல்லை. ஆனால் நீளமாக வைத்தது நான்தானே?

மட்டையை வைத்து மட்டம் தட்டிவிட்டேன். நல்ல சிலேடை. சிரிப்பு வரவில்லை.

அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். தையல் மிஷினை நிறுத்தினார். வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே, "கிழிச்சது நீதானே? நீயே தை" என்றார். மறுபடி மிஷின் ஓடியது.

ஜூன் 10

மன்னிப்புக் கேட்டேன். போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டாள். கொசு கத்தாத வீட்டில் தூக்கம் வரும் என்று யார் சொன்னது?

ஜூன் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!! பள்ளியிலிருந்து ஒரு மட்டை கேட்டு வாங்கி வந்து, வீட்டு நடையில் பந்தை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தேன். கோல்கீப்பர் வலக்கையில் மட்டும் மட்டை பிடிக்கிற ஜாதி. இந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்ததே இல்லை. இடக்கை மேலே, வலக்கை கீழே. மட்டையைப் புரட்டிப் புரட்டிப் பந்தை ஓட்டுவது மேலே இருக்கும் இடக்கைதான்! இடக்கை டிரைவர். வலக்கை வெறும் கண்டக்டர், முன்னும் பின்னும் போய் வருகிறது, அவ்வளவே. 'கையை மாத்து' என்று மிஸ் கத்தியதும் இதற்குத்தான். கொசு டிரைவரைக் கண்டக்டர் இடத்தில் நிற்க வைத்திருந்தாள்!

ஓடிப்போய்ச் சொன்னேன். "இதுவும் கதைதானே?" என்றாள்.

வாழ்நாளில் முதன்முறையாக ஒரு உண்மை சொல்கிறேன், வாங்க ஆளில்லை.

சரி, பேச்சு வேண்டாம். நடையில் செருப்புகளை வரிசையாக வைத்து, நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டினேன். மூன்றாவது செருப்பு பறந்தது. பந்து வாளிக்குள். பிறகு நானே வாளி மேல்.

"நடிக்காதே" என்று குரல் வந்தது.

"நடிக்கலடி. அதான் கேவலம்."

வந்தாள். மட்டையைப் பிடுங்கினாள். இடக்கை மேலே போயிற்று. முதல் தடவை தடுமாற்றம், இரண்டாவதும். மூன்றாம் தடவை ஏழு செருப்பையும் தாண்டிப் பந்து சுவரில் முட்டி நின்றது. ஒரு செருப்பு கூட அசையவில்லை.

அவள் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

ஜூன் 12

மறுபடி அதே கடை. கடைக்காரரிடம் நேராகப் போய்ச் சொன்னேன்: "அண்ணே, அன்னைக்குப் பீச்சாங்கை மட்டைன்னு சொல்லிக் குடுத்தது நான்தான். இவளுக்குத் தெரியாது." கொசு கூரையில் ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அப்பா முப்பத்தாறு இஞ்ச் மட்டையைத் தூக்கினார். "வளர்ற பிள்ளை. ரெண்டு இஞ்ச் விட்டு வாங்கிடலாம்."

"அப்பா, இது பாவாடை இல்ல, உள்ள மடிச்சு அடிக்கிறதுக்கு!"

மட்டையைத் தரையில் ஊன்றினால் நுனி இடுப்பெலும்பைத் தொட வேண்டும். முப்பத்தாறு அவள் விலாவைக் குத்தியது. முப்பத்துநாலு சரியாக நின்றது. அந்த அளவில் நான்கு மட்டைகள். சிவப்பு மினுமினுப்பு ஒன்றை நான் நீட்டினேன். கொசு வாங்கவில்லை. கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் இடக்கையால் மட்டும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றின் பிடி தடிமன், விரல் சேரவில்லை. இரண்டு முன்பாரம், அடிமுனை கையைக் கீழே இழுத்தது. கடைசியில் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒன்று. "இதுதான்" என்றாள்.

சிவப்பை நான் திரும்ப வைத்தேன். கடைக்காரர் கூட ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஜூன் 14, சனி

பதினாறு பேர் பட்டியல். கொசு ஒன்பதாவது.

ஜூன் 17

கடையில் சிரித்த இரண்டில் ஒருத்தி இன்று வீட்டுக்கு வந்தாள். மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிடியில் சுற்றிய டேப்பில், இடக்கைச் சாய்வெழுத்தில், கொசுவே எழுதியிருக்கிறாள்: பீச்சாங்கை மட்டை.

"நானும் புதுசு வாங்கப் போறேன். எப்படிக் கேட்கணும்?"

கொசு டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அச்சு அசல் என் முகம்.

"கடையில போயி..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கொசு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கடையில கேட்கிறது அப்புறம். முதல்ல நிமிர்ந்து நில்லு, அளவு பார்க்கணும். அக்கா, அந்த இஞ்ச் டேப்பை எடு. கீழ்முனையை நீ பிடி."

பிடித்தேன்.