பூசையறைத் திரையில் இருந்தவருக்கு

கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த என் அண்ணாவுக்கு,

நேற்று விடியற்காலைக் கனவில் இருந்தவர்கள்: நீங்கள், நான், என் மகள் செல்வி, காலமாகிவிட்ட என் கூடப்பிறந்த ராசு அண்ணன், எதிர்வீட்டு டோ மியா. ஆக ஐந்து பேர். என் வீட்டுக்காரர் இல்லை. அவர் கனவுக்கு வெளியே, பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எதையும் எண்ணி எழுதிவைக்கிறவள் நான். அரிசி எத்தனை டின் வந்தது, கரண்ட் எப்போது வந்து எப்போது போனது என்று எல்லாம் எழுதுகிறவள், கனவை மட்டும் விட்டுவிட முடியுமா?

இடம் ரங்கூனில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் தெருதான். ஆனால் ரயில் பாதை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓடியது. க்யிம்யிண்டைங் படகுத்துறை டீக்கடை வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் மேல்சட்டை இல்லாமல் முதுகில் மூட்டையோடு தண்ணீரின் மேல் நடந்து வந்தீர்கள். மூட்டையிலிருந்து மாவு கொட்டி, ஆறு முழுக்க வெள்ளையாகிக்கொண்டே போனது. எங்கள் படியில் மூட்டையை இறக்கினீர்கள். செல்வியைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்க "மீ லாபீ!" என்று கத்தினார்கள். விளக்கு வந்துவிட்டது என்று இங்கே சின்னவர் பெரியவர் எல்லோரும் அப்படித்தான் கத்துவோம். நீங்களும் கைதட்டிக் கத்தினீர்கள், அண்ணா. சத்தத்தில் என் கேள்வி எனக்கே கேட்கவில்லை. விழித்துக்கொண்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். செல்வி வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள். அனுப்புவதா, வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும்.

உங்கள் முகவரி தெரியாது. எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது, அதில் போடப்போகிறேன். நாலு பேர் படித்தால் ஐந்தாவதாக நீங்களும் படிக்கமாட்டீர்களா? உங்கள் பெயரை மட்டும் எழுதவில்லை. இந்த நாட்களில் இங்கே போனில் எதை எழுதுவது என்று யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாட்டையே புரட்டிப்போட்டவர் நீங்கள்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உங்களைப் பார்த்ததில்லை. பார்த்தவர் ராசு அண்ணன். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். எனக்குப் பாவாடை வயதாக இருக்கும்போது, அவருடைய கப்பல் ஆப்பிரிக்காவில் உங்கள் துறைமுகத்தில் பழுதாகி மாதக்கணக்கில் நின்றுவிட்டது. ஒருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்ததாம். தானிய மூட்டைகள் துறையில் மூடாமல் கிடந்திருக்கின்றன. நாட்டுக்கே தலைவரான நீங்கள் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, மூட்டை தூக்குகிற வரிசையில் நின்றீர்களாம். அதே வரிசையில் அண்ணனும் நின்றார். உங்கள் முதுகிலிருந்து இறங்கிய மூட்டை அவர் முதுகில் ஏறியது. எந்த ஊர் என்று கேட்டீர்களாம். ரங்கூன் என்றாராம். சாப்பிட்டாயா என்று கேட்டீர்களாம்.

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது அதைத்தான். "நம்ம ஆளு தங்கச்சி அவரு. எங்கயோ தப்பிப்போயி அங்க பொறந்துட்டாரு" என்று ராசு அண்ணன் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்தில்தான் உங்கள் முகம் அச்சடித்த துணி எங்கள் வீட்டுக்கு வந்தது. மஞ்சள் துணி. நடுவில் வட்டத்துக்குள் நீங்கள். வட்டத்தைச் சுற்றி நெல் மாதிரி ஏதோ ஒரு கதிர். அண்ணன் அதை என் அம்மா கையில் கொடுத்து, "தமேய்னுக்கு ஆகும்மா" என்றார். தமேய்ன் என்றால் இங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற துணி. அம்மா துணியை விரித்தார். உங்கள் முகத்தைப் பார்த்தார். அடுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"அட கேடுகெட்டவனே, ஒரு மனுசன் மொகத்தக் கொண்டுபோயி பொம்பள இடுப்புலயா கட்டறது?"

"அங்க எல்லாப் பொம்பளைங்களும் கட்டறாங்கம்மா. அவருக்கு அதான் மரியாத."

"அங்க மரியாத. இங்க பாவம்."

அம்மா சொன்னதில் தப்பில்லை. கொடியில் தமேய்ன் காய்ந்தால் அதன் கீழே ஆண்பிள்ளைகள் தலை குனிந்துகூடப் போகமாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். புத்த வீடு, இந்து வீடு என்றெல்லாம் இதில் வித்தியாசம் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் உங்கள் முகத்தை எப்படி இடுப்பில் கட்டுவது? அம்மா துணியின் ஓரத்தை மடித்துத் தைத்து, கம்பி கோத்து, சாமி அலமாரிக்குத் திரையாகப் போட்டுவிட்டார். அம்மா போன பிறகு அலமாரியோடு திரையும் என் வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூப்போடும்போது திரையிலும் ஒரு பூவைச் செருகுவேன். சாம்பிராணிப் புகை பட்டுப் பட்டு உங்கள் நெற்றி பழுப்பாகிவிட்டது. அது விபூதி மாதிரி எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போய்த் தமிழ் படித்தவள் இல்லை. நாள்காட்டித் தாளைக் கிழித்து வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதனால் செல்விக்குச் சொல்ல என்னிடம் கதைப் புத்தகம் கிடையாது. நீங்கள்தான் இருந்தீர்கள். சோறு ஊட்டும்போது உங்கள் கதையைத்தான் சொன்னேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டது குழாய்க் கதை. நீங்கள் தலைவரான பிறகும் உங்கள் அம்மா தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்ற கதை. அதிகாரிகள் ஓடிவந்து, அம்மா வீட்டுக்குள்ளேயே குழாய் போட்டுத் தருகிறோம் என்றார்களாம். எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் வந்த பிறகு அம்மா வீட்டுக்கு வரட்டும் என்று நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். அண்ணன் சொன்னதை நான் சொன்னேன். செல்வி ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தபடி கேட்பாள். அந்தச் சாக்கில் ஒரு கவளத்தைத் தள்ளிவிடுவேன்.

அந்தப் பெண் இப்போது நர்ஸ். பதிவில் பர்மாப் பெயரில் மா சாண்டா, வீட்டில் செல்வி. தமிழைவிட பர்மாப் பாஷைதான் அவளுக்குச் சரளம். ஆனால் சண்டை போட மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள். போன திங்கட்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் சிங்கப்பூர் போவல."

"ஏன், விசா வரலியா?"

"வந்திருச்சு. நாந்தான் வேணாம்னு எழுதிப் போட்டுட்டேன்."

மேல் பர்மாப் பக்கம் ஒரு பொங்கி மடம் இருக்கிறதாம். புத்த சாமியார்களைப் பொங்கி என்போம். சண்டைக்குப் பயந்து வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள் அந்த மடத்தில் தங்கியிருக்கிறார்களாம். குழந்தைகளுக்குக் காய்ச்சல். டாக்டர் எப்போதாவதுதான் வருகிறாராம். கூடப் படித்த தோழி ஒருத்தி தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

"அங்கெல்லாம் என்ன நடக்குதுன்னு தெரியாதாடி ஒனக்கு?"

"தெரியும். அதனாலதானே யாரும் போகல."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அம்மாவக் கேளுன்னாரு."

அவர் வெங்காய வியாபாரி. சந்தையில் தராசு முள் கொஞ்சம் சாய்ந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனுசன், வீட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் அம்மாவைக் கேள் என்பார்.

"நீ எனக்கு ஒரே புள்ளடி."

"தெரையில இருக்குற அவரும் அவங்கம்மாவுக்கு ஒரே புள்ளதான். நீங்கதான சொன்னீங்க?"

"அவரு வேற."

"என்ன வேற?"

"அவரு பெரியவரு" என்றேன்.

"அவர சாமியாக்கிட்டீங்கம்மா. சாமியா இருந்தா பூப்போட்டா முடிஞ்சிச்சு. அவரு செஞ்சத நாம செய்ய வேணாம் பாருங்க."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். அலமாரிக் கம்பியைக் கழற்றினாள். மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்தாள். நான் வெங்காயக் கையோடு எழுந்து ஓடுவதற்குள் உங்களை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள், அண்ணா. நாற்பது வருசம் சாம்பிராணி காட்டிய துணி.

எதிர்வீட்டு டோ மியா வாசலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது தாண்டிய பர்மாக்கார அம்மா. இத்தனை வருசமாக உங்களை எங்கள் சாமிகளில் ஒருவர் என்றே நினைத்திருந்தவர். நம் வீட்டுக்கு வந்தால் திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவார். செல்வியைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார்.

"அமலே! அய்யோ, ஏய் பொண்ணு, அது உங்க சாமியில்ல?"

"சாமியில்ல, ஆன்டி. தலைவரு."

"தலைவரா? அப்போ நான் போட்ட கும்பிடெல்லாம்?"

"அவருக்குத்தான் போயிருக்கும்."

டோ மியா அவள் இடுப்புத் துணியை விரலால் காட்டினார். "இப்போ நீ உட்கார்ந்தா அவர் மேலேயே இல்ல உட்காருவே?"

"மூட்ட தூக்கின முதுகு ஆன்டி. என்னையும் தாங்கிக்குவாரு."

டோ மியா சிரித்த சிரிப்பில் மீன் கூடை கவிழ்ந்துவிட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமாக வந்தது. அழுகை வந்தது. அதோடு, அவள் நடக்க நடக்க உங்கள் முகமும் அசைந்தது. இத்தனை வருசத்தில் நீங்கள் அசைந்து நான் பார்த்ததே இல்லை. தெருமுனை திரும்பும்போது நீங்களே அவளைக் கூட்டிக்கொண்டு போவது போலத் தோன்றியது. வெயிலில் கண் கூசியதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

சாயங்காலம் போனில் உங்கள் ஊரைக் காட்டினாள். நீங்கள் இருந்தபோது பிறந்தே இராத பெண்பிள்ளைகள் அதே துணியைக் கட்டிக்கொண்டு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். நீங்கள் போட்ட குழாய்களில் இன்னும் தண்ணீர் வருகிறது, அண்ணா. உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பெரிய பெரிய மாளிகை கட்டினார்களாம். அவர்கள் முகத்தை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. உங்கள் உயிர் எப்படிப் போனது என்று மட்டும் நான் அவளைக் கேட்கவில்லை. ராசு அண்ணனைக் கேட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அதிலிருந்தே எனக்குத் தெரியும்.

இந்த மூன்று நாளாக நான் நடப்பது தரையில் மாதிரியே இல்லை. உலையில் அரிசி கொதிக்கிற சத்தம் உங்கள் துறைமுகத்து அலை மாதிரிக் கேட்கிறது. ரயில் போனால் கப்பல் போகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். திரை இல்லாத அலமாரியிலிருந்து அம்மன் என்னை நேராகப் பார்க்கிறாள். விளக்கேற்றப் போனால் என்னால் தலை நிமிர முடியவில்லை. முன்பெல்லாம் நடுவில் நீங்கள் இருந்தீர்கள்.

குழாய்க் கதையை எத்தனையோ தடவை சொன்னேன். ஒருதடவைகூட வரிசையில் நின்ற அந்த அம்மாவின் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணை மூடினால் நீங்கள் வருவதில்லை, அவர் வருகிறார். வெயிலில் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுகிறார். முன்னால் நிற்கிறவர்கள், "நீங்க போங்கம்மா, ஒங்க புள்ளதான ராசா" என்று வழி விட்டிருப்பார்கள். அவர் போயிருக்கமாட்டார். ஏன் போகவில்லை? பிள்ளை மேல் இருந்த பெருமையா? இல்லை, உன் வீம்புக்கு நானும் சளைத்தவள் இல்லை என்கிற கோபமா? முடிவு எடுப்பதற்கு முன்னால் நீங்கள் அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

செல்வி கேட்கிறாள். அதுதான் என்னைக் கொல்கிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க துண்ணூறு பூசி அனுப்பினாத்தாம்மா போவேன். இல்லேன்னா போவல. சத்தியமா கோவிச்சுக்கமாட்டேன்."

சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்பேன். அவள் முடிவை என் விரலில் வைத்துவிட்டாள். நான் பூசாமல் இருந்தால் பிள்ளை எனக்குத் தங்கும். அந்தக் குழந்தைகளுக்கு யார்? பூசினால் அங்கே ஏதாவது ஆகிவிட்டால், நானே பூசி அனுப்பியதாகத்தானே ஆகும்?

இன்று காலை டோ மியாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "அந்தத் தலைவரோட அம்மா என்ன செஞ்சாங்களாம்?" என்றார். தெரியாது என்றேன். "அதத் தெரிஞ்சுக்காமலா இவ்வளவு நாள் கும்பிட்டோம்?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆகவே அண்ணா, உங்களிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் உங்கள் அம்மாவும் இருப்பார். அவரிடம் கேளுங்கள். நீங்கள் வீட்டை விட்டு இறங்கிய அன்றைக்கு அவர் வாசல் வரைக்கும் வந்தாரா? பிற்பாடு, எல்லாம் முடிந்த பிறகு, அன்றைக்கே தடுத்திருக்கலாமே என்று நினைத்தாரா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

என் வாக்கையும் எழுதிவிடுகிறேன். பதில் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை நான் அவளுக்குத் திருநீறு பூசிவிடுவேன். அதை அம்மன் முன்னால் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பதில் வந்தால், அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்து எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியும். அது மட்டும்தான் இப்போது தெரியவில்லை.

பஸ் விடியும் முன்பே கிளம்பிவிடுமாம். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

செல்வியைப் பெற்றவள்,
ராசுவுக்கும் உங்களுக்கும் தங்கை.