புதுத் துப்பாக்கியைப் பற்றித் தனத்துக்கு

என் தனம்,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு நாம் எங்கே பிரிந்திருந்தோம்? நீ போய் இரண்டு வருஷமாகப் போகிறது. எங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துப் பத்திரிகையில் இறந்தவர்களுக்குக் கடிதம் எழுத ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதுகிறார்கள். என் பெண்சாதிக்குத் துப்பாக்கி விஷயமாக எழுதப் போகிறேன் என்றதும் அச்சுக் கோக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கல்மண்டபத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது இன்னமும் கைக்கு வரவில்லை. தினமும் மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் ரயிலேறி எண்ணூருக்குப் போய் மணல்மேட்டில் பத்துக் குண்டு சுட்டுவிட்டு வருகிறேன். வாரம் முழுக்க நான் வாய்விட்டுப் பேசுவது அங்கேதான். அதுவும் நாலு வார்த்தை.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். துறைமுகத்து ஒர்க் ஷாப்பில் நான் பிட்டர். எண்ணூரில் ஆபீசர்கள் நடத்திய துப்பாக்கி கிளப்பில் குறிப்பலகையை இழுக்கும் கப்பி உடைந்துபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கும் சுட இடம் கொடுத்தார்கள். ஒரு நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு நீ வந்தாய். வெயில் தாழட்டும் என்று நின்றவளிடம் யாரோ விளையாட்டாகத் துப்பாக்கியை நீட்டினார்கள். நீ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்து சுட்டாய். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அட்டையை அருகே இழுத்துப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

காசிமேட்டில் உன் அப்பா மீன் ஏலம் போடும்போது அசையாமல் நின்று பார்த்துப் பார்த்துத்தான் கை நடுங்காமல் போனது என்று நீ சொன்னாய். அது நிஜமா, அல்லது கேட்டவர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று சொன்னாயா?

சுதந்திரம் வந்த மறுவருஷம் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் குறித் துப்பாக்கியை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லைசென்ஸ் என் பேரில். சுட்டது நீ. ஒவ்வொரு குண்டாகக் கையால் போட்டு மூட வேண்டிய கனத்த பழைய துப்பாக்கி. அதை வைத்துக்கொண்டே பெண்கள் போட்டியில் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் அத்தனை பேரையும் தாண்டி முதலில் வந்தாய்.

அந்தத் துப்பாக்கிக்குத்தான் வயதாகிவிட்டது. குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரி தேய்ந்துபோய், குண்டு நேராகப் போகாமல் புரண்டு போனது. அட்டையில் வட்டமாக விழ வேண்டிய ஓட்டை நீளமாகக் கிழிந்தது. குழலை மாற்ற இங்கே வழியில்லை. மவுண்ட் ரோட்டுக் கடையில் அதே கம்பெனியின் புது மாடல் வந்திருக்கிறது என்றும், பழையதைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள் என்றும் கிளப் செக்ரடரி மூன்று மாதமாகச் சொல்லி வந்தார். லைசென்ஸில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். புதியது வந்தால் பழையது போக வேண்டும்.

யோசிக்கிறேன் என்றேன். வாராவாரம் அதையே சொன்னேன்.

உன் தம்பி மாணிக்கம் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு ஒரு நாள் மத்தியானம் மீனோடு வந்தான். நான் துப்பாக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கழற்றிவைத்த குழலை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.

"அக்கா ஞாபகத்துக்கு வெச்சுகினு கீறியா, இல்ல சுடறதுக்கு வெச்சுகினு கீறியா மாமா? ஞாபகத்துக்குன்னா தொடச்சி வெச்சிட்டுச் சும்மா இரு. சுடறதுன்னா நல்லதா ஒண்ணு வாங்கு. ரெண்டுத்துக்கும் நடுவுல இன்னாத்துக்கு நிக்கிற?"

யோசிக்கிறேன் என்று அவனிடமும் சொன்னேன். சொல்ல வேண்டிய பதில் வேறே. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பெங்களூர்ப் போட்டிக்கு உன்னைக் கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? கூப்பிட்ட அன்று நீ வாசலிலேயே நின்றிருந்தாய். "இந்தத் துப்பாக்கி அங்க தாங்காது. புதுசு ஒண்ணு வாங்கலாமாய்யா?" என்று கேட்டாய். நீ என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். பழையதே போதும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். கிளப்பில் போய், அவளுக்கு வர இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன்.

காசு இல்லாததால் அல்ல. ஒர்க் ஷாப்பில் என்னைப் பார்த்து, இன்னாப்பா, வூட்ல யாரு மிலிட்டரி என்று சிரித்தார்கள். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீ என்னைவிட நன்றாகச் சுட்டாய். எண்ணூரில் அது தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம். பெங்களூர் வரைக்கும் தெரிவதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம்கூட நீ இருக்கவில்லை.

உனக்கு வாங்கித் தராததை எனக்கு எப்படி வாங்கிக்கொள்வேன்? இதுதான் தனம், நான் யோசித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் கடைக்காரர் புதுத் துப்பாக்கியை எண்ணூருக்கே எடுத்துவந்து செக்ரடரியிடம் கொடுத்திருந்தார். வேண்டாமென்றால் வேண்டாம், சும்மா சுட்டுப் பார் என்று என் கையில் வைத்தார்கள். ஐந்து குண்டை வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். விரல் நினைத்தவுடன் விசை விட்டுக்கொடுக்கிறது. முதல் குண்டு நான் தயாராகும் முன்னே போய்விட்டது. அதன்பிறகு எனக்குப் பிடிபட்டது. பத்துச் சுட்டேன். அட்டையில் பத்தும் வட்ட வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. என் வாழ்நாளில் நான் அப்படிச் சுட்டதில்லை.

சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் காட்டத் திரும்பினேன். பின்னால் மணலும், அதற்கப்பால் உப்பங்கழித் தண்ணீரும்தான் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. செக்ரடரி வந்து தோளைத் தொட்டு, துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. நேரே காசிமேட்டுக்குப் போனேன். மாணிக்கம் கரையில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வர மாட்டேனென்று சொல்லவில்லை, நான்தான் விடவில்லை, பொறாமைதான் என்று சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கையை நிறுத்தவே இல்லை. "அக்காவுக்குத் தெரியும் மாமா" என்றான். "என்னாண்ட சொல்லிச்சி. அந்தாளு பயந்துகினு கீறாரு, அடுத்த வருசம் சரியாப் பூடுவாரு, நானே இட்டுகினு போறேன்னு சொல்லிச்சி."

தெரிந்துகொண்டா எனக்குச் சோறு போட்டாய் தனம்? தெரிந்துகொண்டா அந்தப் பழைய துப்பாக்கியை வாராவாரம் துடைத்து என் கையில் கொடுத்தாய்? ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

மாணிக்கம் வலையை ஓரமாக வைத்துவிட்டு, வூட்ல சாப்ட்டுட்டுப் போ என்றான். சாப்பிட்டேன். நீ போனபிறகு அன்றைக்குத்தான் இன்னொருவர் பரிமாற வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுவாரம் மவுண்ட் ரோட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டேன். உனக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று டிராமில் போகும்போதெல்லாம் பார்த்தேன். அது பொய். நீ போனபிறகும் எனக்குச் சுடுவது பிடித்திருக்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன். கடைக்காரர் நம் பழையதை உள்ளே எடுத்துப்போகும்போது, அது யார் சுட்டது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். லைசென்ஸில் பழைய நம்பரைச் சிவப்பு மையால் அடித்துப் புதியதை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் இந்த வருஷமும் போட்டி இருக்கிறது. என் பேரைக் கொடுத்திருக்கிறேன். பெரிதாக ஜெயிக்க மாட்டேன், அது உனக்கே தெரியும். ஆனால் இந்த ஒன்றை எல்லோரும் படிக்க எழுதித் தருகிறேன். மெட்ராஸிலிருந்து யார் வந்திருக்கிறது என்று அங்கே கேட்டால், நான் இரண்டாவது ஆள் என்று சொல்வேன். என் வீட்டிலேயே என்னைவிட நன்றாகச் சுடுகிறவள் ஒருத்தி இருந்தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும், நான் தடுத்துவிட்டேன் என்று, துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
ஏகாம்பரம்