பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

ஐப்பசி, வியாழன் இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

தலைச்சோலை பங்களாவில் மது பார் அமைக்கும் வேலை இன்று முடிந்தது. பழைய காலத்து மாதிரி வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். சின்ன வயதில் துரை பங்களாவில் கிளாஸ் கழுவியவன் நான். எல்லாம் நினைவில் இருந்தது. கால் வைக்கப் பித்தளைக் கம்பி, பாட்டில்களுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி. நான் சொல்லச் சொல்ல, என் மகன் முருகேசன் சில்வர் ஓக் பலகையை இழைத்துச் செய்தான். இந்த வேலையை அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். அவன் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

முதலாளி நல்ல மனிதர். முதல் கிளாஸை ஊற்றி முருகேசன் பக்கம் நகர்த்தி, "செஞ்ச கைக்குத்தான் மொத மரியாதை. எடுத்துக்குங்க மேஸ்திரி" என்றார்.

முருகேசன் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். 'அவன் குடிக்கறதில்லீங்க' என்று நான் சொல்லியிருந்தால் போதும். பங்களாவுக்குள் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கிளாஸ் காலி.

வீட்டில் மருமகள் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க மாமா, அவரு இன்னும் ஊட்டுக்கு வரலீங்களே?"

"முதலாளிகூடப் பேசீட்டு இருக்கறான் சாமி. நீ படு" என்றேன்.

பங்களாவிலிருந்து வரும்போதே அவன் ஒயின்ஷாப் பக்கம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். அதையும் நான் சொல்லவில்லை.