மணல் தின்ற டர்பைன்

ஆயுத பூஜைக்கு மறுநாள். காலை 6.20

நான் தவசிக்கனி. குன்றடி நிலையத்துச் சமையல்காரன். எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். நான் பேசாவிட்டால் கேட்கிற சத்தத்தைக் குறித்துக்கொள்ளும். பின்னால் வருகிறவர்கள் யாரானாலும் வாசித்துக்கொள்ளட்டும்.

எல்லாம் வழக்கம்போல. டர்பைன் ஓடுகிறது. இந்தக் கிரகத்துக் காற்று மிஷினுக்கு ஆகும், மனுஷனுக்கு ஆகாது. இன்ஜினியர் பூரணியும் டிரைவர் இசக்கியும் விடியுமுன்னே வண்டியில் எரிவாயுக் கிணற்றுக்குப் போனார்கள். சாயங்காலம் திரும்பணும். வெளியே செம்புழுதி கிளம்பியிருக்கிறது. தோசைக்கு உளுந்து ஊறப்போட்டாயிற்று.

காலை 9.40

மிஷின் குரல் கம்மிப் போயிருக்கிறது. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் தானாகக் கிலுகிலுக்கின்றன. ரேடியோவில் சொன்னேன்.

பூரணி: "அண்ணாச்சி, மீட்டர்ல முள்ளு எங்க நிக்கு?"

நான்: "சிவப்புக்கு ஒரு கட்டைவிரல் கீழ, தாயி. காலைல ஒரு சாண் இருந்தது."

பூரணி: "காத்து உள்ள போற ஃபில்டர நேத்து யார் தொட்டது?"

இசக்கி: "பூஜைக்கு எல்லாத்தையும் கழுவணும்லா, அக்கா? தண்ணி ஊத்திக் கழுவி, நல்லாக் காயவச்சுத்தான் மாட்டினேன்."

பூரணி: "அது காகிதம்லே! சாமிக்கு வைக்கிற புஸ்தகத்தையும் கழுவித்தான் வைப்பியா?"

ஓரத்துப் பசை விட்டிருக்கும், அந்த இடுக்கு வழியாகப் புழுதி நுழைகிறது, சுற்றுகிற பிளேடுகளை அரிக்கிறது என்றாள்.

எனக்கு அது புதிதில்லை. பூமியில் ஒரு மின்நிலையத்துக் கேண்டீனில் இருந்தேன். மேனேஜர் மேஜையில் பழைய பிளேடு ஒன்று காகிதத்துக்குப் பாரமாகக் கிடக்கும். ஓரமெல்லாம் எலி கறம்பின மாதிரி. கண்ணுக்குத் தெரியாத தூசி செய்த வேலை என்றார்கள். அந்த மிஷின் போன அன்றைக்கும் தட்டுகள் இப்படித்தான் ஆடின. அன்றைக்கு ரசத்தில் உப்புக் கூடிப்போனது கூட ஞாபகம் இருக்கிறது.

முற்பகல் 11.15

பூரணி: "நிறுத்திருங்க அண்ணாச்சி. ஒரு பிளேடு பிஞ்சா மொத்தமும் போயிரும். பேட்டரி உங்க ஒரு அறைக்குச் சூடு குடுக்கும். அடுத்த கப்பல் வர வரைக்கும் நீங்க தாங்குவீங்க."

நான்: "அப்போ கம்பம்?"

கம்பம் போடுகிற சமிக்ஞையைப் பிடித்துத்தான் வண்டி புழுதிக்குள் வழி கண்டுபிடிக்கும். இந்தப் பேச்சு மேலே சுற்றுகிற செயற்கைக்கோளைத் தொட்டு வருவது, திசை காட்டாது. கம்பத்தை இழுக்கப் பேட்டரிக்குத் தெம்பும் கிடையாது.

இசக்கி: "நாங்க மோப்பம் பிடிச்சு வந்துருவோம்."

நான்: "இப்பத்தான் கழுவுன புத்திக்கு மோப்பம் வேறயா? கொதிக்கிற உலைய எறக்க மாட்டேன். ஓடட்டும்."

பூரணி: "அப்படின்னா மத்த எல்லாத்தையும் அணைச்சிருங்க. சுமை குறைஞ்சா மெதுவாச் சுத்தும், மெதுவாத் தேயும். ஹீட்டரும்தான், அண்ணாச்சி. பேட்டரியத் தொட வேண்டாம், கப்பல் வர வரைக்கும் அதுதான் கதி."

அணைத்தேன்.

பிற்பகல் 2.50

அரிசிச் சாக்குகளைப் போர்த்தியிருக்கிறேன். கால் மரத்துவிட்டது. அரைத்து வைத்த மாவு இந்தக் குளிரில் எங்கே புளிக்க. முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மிஷினும் நானும் ஒரே மாதிரி இருமுகிறோம். பாவம், அதுவும் எவ்வளவு மணலைத்தான் விழுங்கும். அலுப்பாக இருக்கிறது. கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன், அதனால் பேசிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வருகிற வண்டி பாதி வழி தாண்டியாயிற்றாம்.

மாலை 4.35

வெடித்துவிட்டது. ஒரே சத்தம்தான். அப்புறம் சுவரில் இரும்புத்துண்டு தெறிக்கிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

பூரணி: "கம்பம் அணைஞ்சிருச்சு. பக்கத்துலதான் இருக்கோம். ஆனா பள்ளத்து விளிம்பு எந்தப் பக்கம்னு தெரியல. நின்னா வண்டி மணல்ல புதைஞ்சிரும்."

நான்: "மெல்ல உருட்டுங்க. வண்டிக்கு வெளிய மைக் இருக்குல்லா, அதத் திறந்து வைங்க. பெரிய அண்டாவக் கம்பத்துல கட்டித் தட்டுதேன். சத்தம் வர திசைக்கு வாங்க."

பூரணி: "நல்ல ஆக்சிஜன் சிலிண்டரெல்லாம் இங்க வண்டியில இருக்கு. வேண்டாம் அண்ணாச்சி."

இங்கே இருப்பது பழசு. பாதிக்கும் கீழே. போய்த் தட்டலாம், திரும்பி வருவதுதான் பார்க்கணும்.

சாக்குக் கயிறும் இரும்புக் கரண்டியும் எடுத்துக்கொண்டேன். ரேடியோப் பேச்சு முகமூடிக்குள்ளும் கேட்கும். கை ஓய்ந்தால் கரண்டியை அண்டாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிடுவேன். காற்று அடிக்கட்டும். அதற்கு மூச்சு வாங்காது.

சட்னி மூடியிருக்கிறது. மாவு புளிக்கவில்லை, வந்து யாரும் குறை சொல்லக் கூடாது. இசக்கியை ரொம்பத் திட்டாதே, தாயி. பிள்ளை சாமிக்குத்தான் செய்தான்.

மாலை 5.05

[குரல் இல்லை. வெளியே உலோகத் தட்டல். சீரான இடைவெளி.]

இசக்கி: "கேக்கு அண்ணாச்சி! நல்லாக் கேக்கு! விட்டுராதீங்க!"

மாலை 5.22

[தட்டல் நின்றது.]

பூரணி: "அண்ணாச்சி?"

மாலை 5.24

[தட்டல் மீண்டும். இடைவெளி சீராக இல்லை.]

இசக்கி: "கெழவன் லேசுப்பட்ட ஆளு இல்லக்கா. அன்னா பாருங்க, மறுபடி அடிக்காரு!"

மாலை 5.41

பூரணி: "கம்பம் தெரியுது. வந்துட்டோம். போதும் அண்ணாச்சி, உள்ள போங்க."

[தட்டல் தொடர்கிறது.]

மாலை 5.42

பூரணி: "அண்ணாச்சி, போதும்னு சொல்லுதேன்லா."

[தட்டல் தொடர்கிறது.]