கயிறு அவிழ்ந்த உப்பளக் கொட்டகை

நலமே ஓங்குக. மழை பிழையாத நெடுவயல் நாடாளும் ஆழிநங்கை, கழிக்கரைக் கூற்றத்தின் தலைவரும், நம் தந்தையார் காலந்தொட்டு நம் அவைக்கு அழகு செய்பவரும், நம் ஓலை வந்தாலே ஏதோ வேலை வைக்கப் போகிறோமென்று அஞ்சுபவருமான திருக்கண்டனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கழியில் மீனும் அளங்களில் உப்பும் இல்லத்தில் சிரிப்பும் பெருகுக. உம் அச்சம் இம்முறையும் வீண்போகவில்லை.

நம் கல்விச்சாலையில் உப்பளத்தார் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடங்களை நீக்கிவிடலாமென்று நான்காண்டுகளுக்கு முன்பு நீரும் தலைமை ஆசான் விடங்கனாரும் விண்ணப்பித்தீர். ஐந்து வயதில் வந்து சேரும் அப்பிள்ளைகள் வாய் திறப்பதில்லையென்றும், வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கதை சொல்லும் வயதில் இவர்கள் தலையை மட்டும் ஆட்டுகின்றனரென்றும், அறிவென்பது பிறப்போடு வருவதென்றும் எழுதியிருந்தீர். நமக்குக் கோபம் வந்தது. கோபத்தில் மறுமொழி எழுதலாகாது என்று தேரேறி அளத்துக்கே வந்தோம்.

பாத்திகளில் விழுந்துவிடாதிருக்கத் தவழும் குழந்தைகளின் இடையில் கயிறு கட்டி, மறுமுனையைக் கொட்டகைத் தூணில் முடிந்துவிட்டு, தாயர் விடியல் முதல் பொழுது சாயும்வரை உப்பு வாரினர். கயிறு உயிரைக் காத்தது உண்மை. ஆயின் பகல் முழுதும் அம்மழலையரோடு பேச ஓர் ஆளில்லை. தன் மகள் சேந்தியைத் தூணில் கட்டிக்கொண்டிருந்த நாகி என்பாள், வீடு திரும்பியபின் மகளோடு பேசலாமென்றால் வாய் திறக்குமுன்னே தனக்குக் கண் சொக்கிவிடுகிறதென்று கூறி விம்மினாள். நாமும் அழுதோம், அதை மறைப்பானேன்.

உம் விண்ணப்பத்தை நிறுத்திவைத்து, அன்றே கொட்டகையைச் சுற்றி மூங்கில் வேலி அடைத்துக் கயிறுகளை அவிழ்ப்பித்தோம். நாகியும் வேறு சில தாயரும் உப்பு வாரும் கூலியையே பெற்றுக்கொண்டு, குழந்தைகளோடு பாடவும், கிளிஞ்சல் எண்ணவும், அவர்கள் கேட்பதற்கெல்லாம் சலிக்காது விடை சொல்லவும் பணித்தோம். இது பிள்ளை விளையாட்டென்று விடங்கனார் நகைத்தாராம். ஆம், அதுவேதான்.

இப்போது மகிழ்ச்சியைக் கேளும். இவ்வாண்டு சேந்தியும் அவள் தோழரும் கல்விச்சாலை புகுந்தனர். ஆசானின் முதல் வினாவுக்கு விடை சொன்ன கையோடு, கடலுக்குள் உப்பைக் கொட்டியவர் யாரென்று சேந்தி அவரையே கேட்டாளாம். விடங்கனார் அவைக்கு வந்து, தமக்கு விடை தெரியவில்லையென்றும், உப்பளத்துப் பிள்ளைகளும் வணிகர் பிள்ளைகளும் சரிக்குச் சரி வாயாடுவதால் தம் தொண்டை வறண்டுவிட்டதென்றும் முறையிட்டு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். அவர் முகத்தில் அத்துணை பூரிப்பை நாம் கண்டதில்லை.

ஆகவே அவ்விடங்கள் என்றும் நிலைக்கும். உம் கூற்றத்து அளந்தோறும் தை பிறக்குமுன் இத்தகைய மழலைக்கூடம் எழவேண்டும். செலவு அரண்மனையுடையது, ஓட்டம் உம்முடையது.

இன்னொன்று. உம் இளைய மகன் மூன்று வயதாகியும் பேசவில்லையென்றும், பணியாட்கள் நிறைந்த மாளிகையில் அவனை ஏந்துவோர் பலரிருந்தும் அவனோடு பேசுவோர் இல்லையென்றும் உம் மனைவியார் கலங்கி எழுதியுள்ளார். கவலை வேண்டா. நாளை முதல் அவனை நாகியின் கூடத்தில் விடுக. அவனுக்கு இடம் உண்டா என்று அவளிடம் கேட்டுவிட்டோம், உண்டென்றாள்.

இது நம் முத்திரை. இது நம் ஆணை.