அழுத குழந்தைகளின் படங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். என் மணிக்கட்டு வீக்கம் இன்னும் வற்றவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். (அக்கா, பிழை இருந்தா அம்மாவோடது, அழகா இருந்தா என்னோடது.) அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிறார். போன வாரம் எங்கள் ஸ்கேன் அறைக்குப் புது மென்பொருள் வந்தது. ஊசியில் ஏற்றிய மருந்து குழந்தையின் கிட்னிக்குள் போய் வெளியே வருவதை வரிசையாக முன்னூறு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் கிட்னியின் ஓரத்தைச் சுற்றி நான் மவுஸைப் பிடித்துக் கோடு இழுப்பேனே, அதை இது தானாகவே அரை நிமிடத்தில் செய்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான் தட்டினேன். அப்புறம் உற்றுப் பார்த்தால் கிட்னியின் உள்வளைவில் கோடு ஆழமாக இறங்காமல் மேலோடு திரும்புகிறது. அப்படித் திருப்புகிறவள் நான் ஒருத்திதான், பெரிய டாக்டர் இருபது வருடமாக என்னைத் திட்டுவதே அதற்குத்தான். அந்த மென்பொருளின் விளம்பரத் தாளைப் புரட்டினால், இதை உருவாக்கியவள் என்று கோட்டு போட்ட உன் போட்டோ. (கோடு போட்டது அம்மா, கோட்டு போட்டது நீ. எழுதாதேன்னு சொன்னாங்க, எழுதிட்டேன்.)

நான் கோடு போட்ட படங்களை அன்றைக்கு நீ கேட்டபோது, படிப்புக்கு மட்டும்தான் அம்மா, வேறு யார் கண்ணிலும் படாது என்று நீ சொன்னதை நம்பி, பெரிய டாக்டர் முன்னால் போய் நின்று, என் பெண்ணுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கினேன். அதைக்கூட விழுங்கியிருப்பேன். அழாமல் படுத்திருக்கும் குழந்தைகளாகப் பார்த்து அனுப்பு, அசைந்த படம் வேண்டாம் என்றாயே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அழுதால் மூச்சு வாங்கும், கிட்னி மேலும் கீழும் ஓடும், அதை உன் மென்பொருள் பார்த்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று வயதுக் குழந்தை ஒன்று அழுத அழுகையில் கோடு ஈரல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. வலது கிட்னி பாதிகூட வேலை செய்யவில்லை என்று ரிப்போர்ட் வந்து ஆபரேஷனுக்குத் தேதி பேசிவிட்டார்கள். குழந்தையின் அப்பா என்னிடம் வந்து, அக்கா நீங்க ஒரு தடவை பாருங்களேன் என்றார். வீங்கிய கையோடு முன்னூறு படத்திலும் நானே கோடு இழுத்தேன். கிட்னி நன்றாக இருக்கிறது, தேதியை ரத்து செய்துவிட்டார்கள்.

அழுத குழந்தைகளின் படத்தையும் அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாமே, என்னிடம் பேச வாய் வரவில்லையா? அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் உன் கம்பெனி முறைப்படி ஆஸ்பத்திரியைக் கேட்கட்டும், பெற்றவர்களைக் கேட்கட்டும். அம்மா என்று கூப்பிட்டு வாங்குவது இனி நடக்காது. மற்ற ஆஸ்பத்திரிகளிலும் இதை வாங்கியிருக்கிறார்கள், அங்கே யார் திரும்ப இழுத்துப் பார்ப்பார்கள்? அதனால் பெரிய டாக்டருக்கும் உன் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்: அழும் குழந்தையை இதை நம்பி விடக் கூடாது, இதற்குக் கற்றுக்கொடுத்த கோடுகள் என்னுடையவை, பொய் சொல்லி வாங்கியவள் என் மகள். உன் வேலை என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். (இதை எழுதறப்ப எனக்கு ஒரு ஜோக்கும் வரல அக்கா.)

நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இது உன் கைக்கு வருமுன் என் தாள் உன் மேலதிகாரியின் மேஜைக்கு வந்திருக்கும். கூப்பிட்டுக் கேட்பார்கள். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா