காலியாகக் கிடந்த முகவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். சளி மட்டும் விட்டபாடில்லை.

போன வாரம் ஆபீஸில் ஒரு கூத்து. நாங்கள் இணையத்தில் வாடகைக்கு எடுத்திருக்கும் கம்ப்யூட்டர்களை வெளியிலிருந்து அடைய, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அதற்குத் தனி வாடகை. கம்ப்யூட்டரையே திருப்பிக் கொடுத்துவிட்டாலும் முகவரிக்கு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மேனேஜர் செலவைக் குறைக்கச் சொன்னதால், சும்மா கிடந்த முகவரிகளைத் திருப்பிக் கொடுத்துவிடப் போனேன்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள். "டேய், கடைசி நம்பர மட்டும் தொடாதே."

"அதுல ஒண்ணுமே ஓடலையே?"

"பழைய கம்ப்யூட்டருக்குப் பதிலா புதுசு திங்கக்கிழமை வருது. ஆஸ்பத்திரி லேப் எல்லாம் நமக்கு இந்த நம்பரத் தேடித்தான் ரிசல்ட் அனுப்பும். விட்டா வேற யாராவது எடுத்துப்பாங்க. அப்புறம் நீ அழுதாலும் கிடைக்காது."

எந்த நம்பருக்கு அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு லேபுக்கும் அவளே போன் போட்டு விசாரித்து வைத்திருக்கிறாள் அப்பா. யாரும் சொல்லாமலே. எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை புது கம்ப்யூட்டர் அதே முகவரியில் ஓடத் தொடங்கியது. எந்த லேபும் தன் பக்கம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அசந்துபோனேன், கொஞ்சம் பொறாமையும்தான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் நான் விட்டுவந்த பழைய போனின் நம்பர் சும்மாதானே கிடக்கிறது, ரீசார்ஜை நிறுத்திவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா, விட்டால் அதுவும் வேறு யாருக்கோ போய்விடும். அந்தப் போனைச் சார்ஜில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அதற்குக் கூப்பிடுகிறேன். முழங்காலோடு எழுந்து வந்து எடுக்க வேண்டாம். நம் வீட்டில் மணி அடித்தால் போதும்.

உங்கள்
சின்னவன்